ரியூசனா, குறிப்பா, கடந்தகால வினாத்தாளா? வன்னிப் பிள்ளைகளின் படிப்பு நேரத்தை எதில் போடலாம்

மல்லாவியிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "ரீச்சர், மகள் இரவிரவாப் படிக்கிறாள். கொப்பி முழுக்கக் கலர்தான். சோதினைப் பேப்பரில மட்டும் ஒண்டும் வருதில்லை. இன்னுமொரு கிளாசில சேர்த்து விடட்டோ?" அதே கிழமை விசுவமடுவில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இதற்கு நேரெதிர்: "கிளிநொச்சிக்குப் பஸ்ஸில போய்வாற நேரத்துக்கு வீட்டில இருந்து பாஸ்ட் பேப்பர் செய்யலாம் போல இருக்கு. கிளாசை நிப்பாட்டினால் பிழையோ ரீச்சர்?"

இரண்டு பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே அளவுகோல்களை வைத்து முடிவெடுக்கலாம். நம் பிள்ளைகளின் முன்னால் பெரும்பாலும் இருப்பவை நான்கு வழிகள்: திரும்பத் திரும்ப வாசித்துக் கோடிடுவது, குறிப்பெழுதுவது, ரியூசன் வகுப்புக்குப் போவது, புத்தகத்தை மூடிவைத்துத் தன்னைத்தானே சோதிப்பது. கூடிப் படிப்பது ஐந்தாவது. அதைத் தனி வழியாக எடுக்காமல் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

"எப்படிப் படித்தால் உனக்கு நல்லா விளங்குது?" என்று பிள்ளையிடமே கேட்டு முடிவெடுப்பதுதான் வழக்கம். அதை நம்ப முடியாது. படிக்கும்போது சுகமாகப் போவதும் பிறகு ஞாபகத்தில் நிற்பதும் வேறு வேறு என்பதை, மூளை எப்படி அறிகிறது, ஞாபகம் வைக்கிறது என்று ஆராயும் அறிகை உளவியல் பலமுறை காட்டிவிட்டது. "என்ர பிள்ளை பார்த்துப் படிக்கிற ரகம், அவன்ர தமையன் கேட்டுப் படிக்கிற ரகம்" என்று பிரிப்பதும் அப்படித்தான். 2008இல் பாஷ்லர், பியோர்க் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ரகத்துக்கு ஏற்றபடி படிப்பித்தால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதை ஒதுக்கிவிடுவோம். நான் பார்ப்பது ஐந்து விடயங்கள்.

காதில் விழுவது சரியாக விழுகிறதா? மூளை சத்தத்தை அப்படியே பதிந்து வைப்பதில்லை. கேட்காமல் போன இடத்தை எதிர்பார்ப்பைக் கொண்டு நிரப்பிவிடும். 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு சொல்லின் நடுவில் இருந்த ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே சொல் முழுதாகக் கேட்டதாகவே சொன்னார்கள். புலன்கள் தருவதை மூளை விளங்கிக்கொள்ளும் புலக்காட்சி இப்படித்தான் வேலை செய்கிறது. முன்பு அறிந்தது கையில் இருந்தால் இது பெரிய உதவி. இல்லாவிட்டால் பிழையானதை நிரப்பிவிட்டுச் சரியாகக் கேட்டேன் என்று நம்ப வைத்துவிடும்.

கவனம் எங்கே நிற்கிறது? 1953இல் கொலின் செரி செய்த பரிசோதனையில் இரண்டு காதிலும் இரண்டு வேறு பேச்சுகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு காதில் கேட்டதை உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றக் காதில் ஆண் குரல் பெண் குரலாக மாறியதை அவர்கள் உணர்ந்தார்கள். பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜேர்மன் மொழிக்கு மாறியதைக் கவனிக்கவில்லை. "பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கிறேன், எல்லாம் ஏறுது" என்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் எவ்வளவைத் தூக்கச் சொல்கிறது? கேட்டதைக் கையில் பிடித்துவைத்து அதோடு வேலை செய்யும் இடத்தைச் செயற்படு ஞாபகம் என்கிறோம். அலன் படேலியும் கிரஹம் ஹிச்சும் 1974இல் முன்வைத்த கருத்து அது. அதன் கொள்ளளவு சிறியது. 1956இல் ஜோர்ஜ் மில்லர் ஒரே நேரத்தில் ஏழு விடயம், இரண்டு கூடக் குறைய என்றார். 2001இல் நெல்சன் கோவன் அதைக் கிட்டத்தட்ட நான்குக்கு இறக்கினார். நான்கு எழுத்தா நான்கு பெரிய கருத்தா என்பது, உள்ளே ஏற்கெனவே எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு வாரம் கழித்து என்ன மிஞ்சும்? 1885இல் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளர் தன்னையே வைத்துப் பரிசோதித்துக் காட்டியது இதைத்தான். பொருளில்லாத அசைகளைப் பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்தார். முதல் சில மணித்தியாலங்களில் மறதி சரசரவென்று இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது. சோதனை மண்டபத்தில் கேட்கப்படுவது இந்த மிச்சத்தைத்தான்.

பிழை பிடிபடுமா, மறைந்திருக்கும் செலவு என்ன? மாதக் கட்டணம் மட்டும் செலவல்ல. பஸ் காசு, தெருவில் போகும் நேரம், குறையும் நித்திரை, வீட்டில் பிள்ளையின் கை தேவைப்படும் வேலை எல்லாம் சேர்ந்ததுதான் செலவு.

## 1. திரும்பத் திரும்ப வாசித்துக் கோடிடுவது

காசு செலவில்லை. புத்தகம் பாடசாலையில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு ஹைலைற்றர் வாங்கினால் போதும். குப்பி விளக்கு வெளிச்சத்திலும் செய்யக்கூடிய எளிமையான முறை. இதில் வளர்ந்த பெற்றோர் இன்றைக்கும் இதைத்தான் படிப்பு என்று நம்புகிறார்கள்.

குறை என்னவென்றால், மூன்றாவது தடவை வாசிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. பழகியதை மூளை "இது எனக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறது. 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களுக்கு இரண்டு பந்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை மாணவர்கள் மீண்டும் வாசித்தார்கள். மற்றதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மீண்டும் வாசித்ததில் 81 வீதமும் பார்க்காமல் எழுதியதில் 75 வீதமும் ஞாபகத்தில் இருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்ததில் 42 வீதம், எழுதியதில் 56 வீதம். அவர்களின் இன்னொரு பரிசோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள் என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி. மல்லாவித் தாயின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

2013இல் டன்லோஸ்கியும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டு வரிசைப்படுத்தியபோது, கோடிடுவதையும் திரும்ப வாசிப்பதையும் குறைந்த பயனுள்ள வரிசையில் வைத்தார்கள்.

இருந்தாலும் இரண்டு இடத்தில் இது நல்ல தெரிவு. ஓர் அலகை முதன்முதலாகத் தொடும்போது, ஒருமுறை முழுக்க வாசிக்காமல் வேறு எதையும் தொடங்க ஏலாது. மற்றது, சோதனை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் கடைசி அரைமணி. ஐந்து நிமிடக் கணக்கில் வாசிப்புத்தான் வென்றது என்பதை மேலே பார்த்தீர்கள். சூத்திரங்களையும் ஆண்டுகளையும் அப்போது கண்ணால் ஓடவிடுங்கள்.

## 2. குறிப்பெழுதுவது

இதை இரண்டாகப் பிரிக்காமல் பேசினால் சிக்கல். பார்த்து எழுதும் குறிப்பு வேறு, சொந்தச் சொல்லில் எழுதும் குறிப்பு வேறு. புத்தகத்தில் இருப்பதை அழகான கையெழுத்தில் கொப்பிக்கு மாற்றுவது கைவேலை. மூளை பெரும்பாலும் ஓய்வெடுக்கிறது. ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தை மட்டும் பார்ப்பதைவிட அதன் பொருளை யோசிக்கும்போதுதான் ஆழமாகப் பதியும் என்று 1972இல் கிரெய்க்கும் லொக்கார்ட்டும் சொன்னார்கள். 1978இல் ஸ்லமெக்காவும் கிராஃபும் இன்னொன்றைக் காட்டினார்கள்: வாசித்த சொல்லைவிட, தானே உருவாக்கிய சொல் கூடுதலாக நிற்கிறது. சொந்தச் சொல்லில் எழுதும் குறுங்குறிப்புக்கு இந்த இரண்டும் துணை நிற்கின்றன. நான்கு நிறப் பேனையில் தலைப்புக் கீறிய கொப்பிக்கு எதுவும் துணை நிற்காது.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். ஒரு பாடத்தின் குறிப்பை "முழுசா முடிச்சுப் போட்டுத்தான் மீட்டல்" என்று தொடங்கும் பிள்ளைகள், குறிப்பை முடிக்கும்போது சோதனைக்கு ஒரு கிழமைதான் மிச்சம் இருக்கும். முதல் அலகை எழுதியபோது தெரிந்தது அதற்குள் போயிருக்கும்.

வரலாறு, குடியியல், வணிகக் கல்வி மாதிரி விரிந்து கிடக்கும் பாடங்களுக்கும், பாடநூல் கையில் இல்லாத உயர்தரக் கலைப் பாடங்களுக்கும் குறிப்பு தேவை. அப்போதும் ஒரு அலகுக்கு ஒரு பக்கம் என்று எல்லை போடச் சொல்வேன். இட நெருக்கடி வந்தால்தான் எது முக்கியம் என்று பிள்ளை முடிவெடுக்கத் தொடங்கும்.

## 3. ரியூசன் வகுப்பு

வன்னியில் ரியூசனைத் திட்டி எழுதுவது சுலபம், நியாயமில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடசாலைகள் உட்பகுதிகளில் இருக்கின்றன. துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ உள்ள பிள்ளைக்கு, பாடத்தை ஒழுங்காக முதல் முறை கேட்கும் இடமே ரியூசனாக இருக்கலாம். அப்படியான பிள்ளையிடம் "வீட்டில் இருந்து பேப்பர் செய்" என்று சொல்வது வெறும் வாய் உபதேசம்.

அறிகை உளவியலும் இதை ஆதரிக்கிறது. புதிதாகக் கற்பவருக்குக் கணக்கைக் கொடுத்து நீயே கண்டுபிடி என்று விட்டால், செயற்படு ஞாபகம் முழுவதும் தேடலிலேயே செலவாகிவிடும், முறை மனதில் தங்காது. ஜோன் ஸ்வெலர் 1988இலிருந்து அறிகைச் சுமை என்று எழுதிவந்தது இதைத்தான். செய்து காட்டிய கணக்குகளைப் படிப்படியாகப் பார்த்துவிட்டுத் தானாகச் செய்வதுதான் தொடக்கத்தில் பலன் தரும். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் ஆகியவற்றில் நல்ல ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் படிமுறையை விரித்துக் காட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு ஈடு கிடையாது.

இனி மறுபக்கம். பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ உள்ள பெரிய வகுப்பு ஒன்றைக் கார்த்திகை மாதத்தில் நினைத்துப் பாருங்கள். தகரக் கூரை. நெருக்கியடித்த வாங்குகள். முன்னால் ஒலிபெருக்கி. மழை தொடங்குகிறது. சேர் இதயத்தைப் படிப்பிக்கிறார்: "இந்தக் குருதியை நுரையீரலுக்குக் கொண்டு போவது நுரையீரல் நா..." மீதி தகரத்தில் விழுந்த மழையோடு போய்விட்டது. நாடியா, நாளமா? இரண்டும் "நா"வில்தான் தொடங்குகின்றன. பாடத்தை முன்பே வாசித்த பிள்ளை நாடி என்று சரியாகக் கேட்கும். மற்றப் பிள்ளை கையில் இருப்பது "நாடியில் ஒட்சிசன் நிறைந்த குருதி, நாளத்தில் ஒட்சிசன் குறைந்த குருதி" என்ற பொது விதி மட்டும்தான். ஒட்சிசன் குறைந்த குருதி போகிறது என்று சேர் ஏற்கெனவே சொல்லியிருப்பதால் அது நாளம் என்றே கேட்கும், நாளம் என்றே எழுதும், சேர் அப்படித்தான் சொன்னார் என்று சத்தியமும் செய்யும். நுரையீரல் நாடியும் நாளமும்தான் அந்தப் பொது விதிக்கு விலக்கு என்பதைச் சொல்ல வந்த பாடமே அது. வாரனின் இருமலுக்குப் பதிலாக இங்கே மழை. கொப்பியில் ஏறிய பிழை சோதனை வரைக்கும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது சிக்கல் கரும்பலகை. சேர் விளக்கிக்கொண்டிருக்கும்போது பிள்ளை அவர் முன்பு எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே சொல் வேலை. செயற்படு ஞாபகத்தில் சொற்களை ஓட்டும் பகுதி ஒன்றுதான். ஆகவே எழுதும் பிள்ளை விளக்கத்தை இழக்கிறது, விளக்கத்தைக் கேட்கும் பிள்ளைக்கு எழுதி முடியவில்லை. இதில் கையில் போனும் இருந்தால் சொல்லவே வேண்டாம். 1999இல் சைமன்ஸும் சப்ரிஸும் பந்து எத்தனை தடவை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு காணொளியைக் காட்டினார்கள். அதன் நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து நெஞ்சில் தட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை. கண் திறந்திருந்தால் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

செலவும் கனக்க. அக்கராயனில் இருந்து கிளிநொச்சிக்குப் போகும் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பின்னேர வகுப்பு முடிந்து இருட்டில் சந்தியில் இறங்கும் பெண்பிள்ளையை ஏற்ற அப்பா சைக்கிளோடு வந்து நிற்க வேண்டும். முத்தையன்கட்டுப் பக்கம் என்றால் யானை பற்றிய யோசனையும் உண்டு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கும்போது, அன்று கேட்டதைத் திருப்பிப் பார்க்கத் தெம்பு இருக்காது. மறதி சரசரவென்று இறங்குவதும் அதே மணித்தியாலங்களில்தான். விடிய ஐந்தரைக்கு அடுத்த வகுப்பு என்றால் நித்திரையும் போச்சு. 1924இல் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் செய்த பழைய ஆய்விலேயே, படித்துவிட்டு நித்திரை கொண்டவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் அதையே சொல்கின்றன.

ஒரு வகுப்பை விடுவதா வைப்பதா என்று பார்க்க நான் கேட்பது இரண்டு கேள்வி. போன கிழமை அந்த வகுப்பில் உன்னை ஏதாவது எழுதச் செய்தார்களா? எழுதிய தாள் திருத்தப்பட்டு வந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் விடாதீர்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த வகுப்பை நம்பி மாதக் காசு கட்ட வேண்டியதில்லை.

## 4. புத்தகத்தை மூடிச் சோதிப்பதும் கடந்தகால வினாத்தாளும்

நான் இந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. டன்லோஸ்கியின் வரிசையில் முதல் இடம் பிடித்தவை இரண்டு: தன்னைத்தானே சோதிப்பதும், படிப்பை இடைவெளி விட்டுப் பரப்புவதும்.

செய்முறை இதுதான். சாதாரண தர விஞ்ஞானத்தில் இதயம் என்று வைத்துக்கொள்வோம். பாடத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வையுங்கள், மேசையில் வேண்டாம். வெள்ளைத்தாள் ஒன்றில் நான்கு அறைகளையும் கீறி, குருதி எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். வலது சோணையறை, அங்கிருந்து வலது இதயவறை. அவற்றுக்கு இடையில் இருப்பது முக்கூர் வால்வா, இருகூர் வால்வா? இங்கே பேனை நிற்கும். நிற்கட்டும். பைக்குக் கை போகக் கூடாது. ஒரு நிமிடம் யோசித்து ஏதாவது ஒன்றை எழுதுங்கள். முழுப் படமும் முடிந்த பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனையால் திருத்துங்கள். வலப்பக்கம் முக்கூர் வால்வு என்பது அந்தச் சிவப்பு வட்டத்தோடு மனதில் ஏறிவிடும். அந்தத் தாளை நாளைக்கு ஒருமுறை, அடுத்த கிழமை ஒருமுறை புதிதாகக் கீறுங்கள். எவ்வளவு கீறினீர்கள் என்பதைவிட எங்கே பேனை நின்றது என்பதுதான் அடுத்து எதைப் படிப்பது என்று காட்டும்.

இது ஒன்றும் வெளியிலிருந்து வந்த புதுமை அல்ல. அம்மம்மாவுக்கு முன்னால் நின்று பார்க்காமல் தேவாரம் சொன்னதும், வாய்ப்பாட்டைத் தலைகீழாகக் கேட்டு மடக்கியதும் இதே வேலைதான். பாடமாக்குவதைக் குறைசொல்லும் நாம், அதில் இருந்த பார்க்காமல் சொல்லும் பகுதியையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம்.

வினாத்தாளுக்கு வருவோம். கடையில் இரண்டு விதமான புத்தகம் இருக்கும். ஒன்று அலகு அலகாகப் பிரித்த வினாத்தொகுப்பு, மற்றது ஆண்டு வாரியான முழுத் தாள். பிள்ளைகளுக்கு முதலாவது பிடிக்கும், ஏனென்றால் விடை சுலபமாக வரும். அடர்த்தி என்ற பாட அலகின் கேள்விகளாக வரிசையாக வந்தால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டியதில்லை. 2007இல் ரோரரும் டெய்லரும் இதை அளந்தார்கள். ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்தவர்கள் பயிற்சியில் 89 வீதம் சரியாகச் செய்தார்கள், வகைகளைக் கலந்து செய்தவர்கள் 60 வீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முதல் கூட்டம் 20 வீதத்துக்கு விழுந்தது, கலந்து செய்தவர்கள் 63 வீதத்தில் நின்றார்கள். புதிய அலகுக்கு அலகுவாரிப் புத்தகம் சரி. மீட்டலுக்கு முழுத் தாள்தான்.

செலவு இல்லாமல் இல்லை. முதலாவது, மனம் நோகும். முதல் தாளில் ஐம்பது பல்தேர்வு வினாவில் பதினைந்துதான் சரி என்று வரும்போது அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். வீட்டில் யாராவது ஒருவர் அது படிப்பின் பகுதிதான் என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். இரண்டாவது, விடை இல்லாமல் பயிற்சி செய்தால் பிழையே பழகிவிடும். புள்ளித்திட்டத்தையும் சேர்த்து எடுங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில், எந்த வினாவில் பிள்ளைகள் எங்கே பிழைவிட்டார்கள் என்பதும் இருக்கும். மூன்றாவது, பத்து ஆண்டுத் தாளையும் விடையோடு வாசித்து முடிப்பது வினாத்தாள் செய்வதாகாது. அது முதலாவது முறையே வேறு சட்டை போட்டு வந்தது.

பாடமே விளங்காத இடத்தில் இந்த முறை கைகொடுக்காது. ஒன்றும் உள்ளே போகாதபோது எதை மீட்பது? அங்கே வகுப்போ, ஒரு நல்ல காணொளியோ, பாடசாலை ஆசிரியரை இடைவேளையில் பிடிப்பதோதான் வழி.

## கூடிப் படிப்பது

சனசமூக நிலையத்தில் நான்கு பேர் சேர்ந்து படிப்பது நல்லது, ஒரு நிபந்தனையோடு. கூட்டமாக ஞாபகப்படுத்துபவர்கள், அதே எண்ணிக்கையானோர் தனித்தனியே ஞாபகப்படுத்திச் சேர்த்ததைவிடக் குறைவாகவே கொண்டுவருகிறார்கள் என்று 1997இல் வெல்டனும் பெலிஞ்சரும் காட்டினார்கள். ஒருவர் சொல்லும் வரிசை மற்றவரின் வரிசையைக் குழப்பிவிடுகிறது. அதனால் முதல் இருபது நிமிடம் ஆளாளுக்குத் தனித்தாளில் எழுதுங்கள். பிறகு தாள்களை மாற்றித் திருத்துங்கள். விளங்காததை விளங்கியவர் சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் அதில் கூடுதல் லாபம். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் அது கதைக்கப்போன இடம்தான்.

## ஒரே பார்வையில்

| | வாசித்துக் கோடிடல் | குறிப்பு | ரியூசன் | மூடிச் சோதித்தல் |
|---|---|---|---|---|
| கவனம் | மெல்ல நழுவும் | சொந்தச் சொல் என்றால் நிற்கும் | ஆசிரியரையும் இடத்தையும் பொறுத்தது | நழுவ இடமில்லை |
| செயற்படு ஞாபகச் சுமை | குறைவு | நடுத்தரம் | புதுப்பாடத்தில் குறைக்கும், பலகையைப் பார்த்தெழுதினால் கூட்டும் | கூட |
| ஒரு வாரம் கழித்து | குறைவு | நடுத்தரம் | அன்றே மீட்டினால்தான் | கூட |
| பிழை பிடிபடுமா? | இல்லை | அரிது | தாள் திருத்தினால் மட்டும் | ஆம், விடை கையில் இருந்தால் |
| மறைந்த செலவு | தெரியும் என்ற மயக்கம் | நேரம் | பயணம், நித்திரை, காசு | மனச்சோர்வு |
| எப்போது சிறந்தது? | முதல் வாசிப்பு, கடைசி அரைமணி | விரிந்த பாடங்கள் | விளங்காத அலகு, ஆசிரியர் இல்லாத பாடம் | மற்ற எல்லா நேரமும் |

## யாருக்கு எது?

மல்லாவிப் பிள்ளைக்கு இன்னொரு வகுப்பு வேண்டாம். பாடம் விளங்குகிறது, மீட்டும்போது வருவதில்லை. ஹைலைற்றரை அம்மா எடுத்து வைத்துவிட்டு வெள்ளைத்தாள் ஒரு கட்டு வாங்கிக் கொடுக்கட்டும். இரவிரவாக விழிப்பதையும் நிறுத்தினால் இன்னும் நல்லது.

விசுவமடுத் தம்பி எல்லா வகுப்பையும் ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை. மூன்று பாடத்திலும் ஒவ்வொரு தாளைப் பார்க்காமல் செய்து பார்க்கட்டும். எங்கே விடையை வாசித்த பிறகும் விளங்கவில்லையோ அந்தப் பாடத்தின் வகுப்பு இருக்கட்டும். விடையைப் பார்த்ததும் "ஓ, இதுவா" என்று வந்தால் அங்கே வகுப்பைவிட மீட்டல்தான் குறை. அந்தப் பஸ் நேரம் வீட்டு மேசைக்கு வரலாம்.

சோதனைக்கு மூன்று கிழமைதான் மிச்சம் என்றால் புதுக் குறிப்பு தொடங்கவே வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு முழுத் தாள், நேரம் வைத்து. இடைப்பட்ட நாளில் பிழைத்த இடங்கள் மட்டும்.

அறுவடைக்கு நிற்க வேண்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலபோக வெட்டு நாட்களில் ஒரு கிழமை புத்தகம் தொடாமல் போனால் எல்லாம் போச்சு என்று பயப்படுகிறார்கள். படித்ததற்கும் மீட்டுவதற்கும் இடையில் இடைவெளி விழுவது ஞாபகத்துக்குக் கெடுதல் அல்ல, உதவி. 2008இல் செப்பேடாவும் கூட்டாளிகளும் காட்டியதன்படி, சோதனை தள்ளி இருக்க இருக்க இந்த இடைவெளியும் நீளலாம். ஆனால் திரும்பி வந்த முதல் நாள் வாசிப்பிலிருந்து தொடங்கக் கூடாது. வெட்டுக்கு முன் முடித்த அலகின் தலைப்பை மட்டும் தாளில் எழுதி, ஞாபகத்தில் வருவதை எல்லாம் முதலில் கொட்டுங்கள். பாதிதான் வரும். மீதிப் பாதிக்குத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.